ஒரே விளையாட்டு, இரு பொறிகள்

ஒரே நூலை இரு அச்சகங்கள் அச்சிட்டால் எழுத்தின் உருவம் மாறலாம், தாளின் தரம் மாறலாம், நூல் மாறாது. ஒரே இசைத்தட்டை இரு வீடுகளில் சுழலவிட்டால் ஓசை சிறிது கூடலாம், குறையலாம்; பாடகர் பாடியது பாடியதே. இந்தப் பழக்கத்தின் காரணமாகவே, ஒரே பெயரோடும் ஒரே விலையோடும் விற்பனையாகும் வீடியோ விளையாட்டும் எந்தப் பொறியில் இட்டு விளையாடினாலும் ஒன்றாகவே இருக்கும் என்று வாங்குவோர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் பலமுறை பொய்த்திருக்கிறது. பல மாதம் சேமித்த பணத்தில் ஒரு விளையாட்டுப் பொறியை மட்டுமே வாங்க இயன்ற இளைஞன் ஒருவன், நண்பன் வீட்டுப் பொறியில் நீரோட்டம் போல் ஓடும் அதே விளையாட்டு, தன் வீட்டில் திக்கித் திணறுவதைக் காண்கிறான். அவன் கொடுத்த பணம் குறைவன்று. அவனுடைய பொறி பழுதுபட்டதுமன்று. ஆயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண, வீடியோ விளையாட்டு என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். திரைப்படம் ஒரு பதிவு. அதன் ஒவ்வொரு காட்சியும் முன்னரே எடுத்து முடிக்கப்பட்டது. படமாளிகையின் கருவி அதை ஒளியாக வீசுவதோடு தன் பணியை முடித்துக்கொள்கிறது. விளையாட்டோ பதிவன்று, நிகழ்த்துகை. விளையாடுபவர் வலப்புறம் திரும்பினால் வலப்புறக் காட்சியையும், இடப்புறம் திரும்பினால் இடப்புறக் காட்சியையும் பொறி அந்தக் கணத்திலேயே கணித்து வரைந்து தருதல் வேண்டும். விநாடிக்கு 30 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடியின் 30இல் ஒரு பங்கு. 60 படங்கள் காட்டும் விளையாட்டில் அதிலும் பாதி. அந்தச் சிறு பொழுதுக்குள் பகைவன் எந்தத் திசையில் ஓடுவான் என்று முடிவு செய்ய வேண்டும். எந்தப் பொருள் எதனோடு மோதுகிறது என்று கணிக்க வேண்டும். ஒளியையும் நிழலையும் அமைத்து, இலட்சக்கணக்கான படப்புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். ஒலியையும் கலக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிந்தினாலும் அடுத்த படம் பிந்துகிறது, அசைவு தடுமாறுகிறது. சில வேளைகளில் திரையின் ஒரு பகுதியில் பழைய படமும் மறு பகுதியில் புதிய படமுமாக, துணி கிழிந்தாற் போன்ற தோற்றம் உண்டாகிறது.

எனவே விளையாட்டை ஆக்குவோர் அனைவரும் ஒருவகை வரவுசெலவுத் திட்டத்துக்குள்ளேயே வேலை செய்கின்றனர். காலம் ஒரு வரவு. நினைவகம் மற்றொரு வரவு. இவ்வரவுகள் பொறிக்குப் பொறி வேறுபடும். ஒரு பொறியின் வரவை மனத்திற்கொண்டு போட்ட திட்டத்தை, வேறு வரவுள்ள மற்றொரு பொறியின் மேல் அப்படியே சுமத்தும்போது எங்கோ ஒரிடத்தில் துண்டு விழத்தான் செய்யும். வட்டக்களரியில், நாற்புறமும் மக்கள் சூழ ஆடுவதற்கென்று அமைந்த கூத்தை, மூன்று புறமும் அடைத்த மேடைக்குக் கொண்டுவருவோர் ஆட்டத்தையே மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது. பாட்டும் கதையும் மாறாமலிருந்தாலும், மறுவமைப்பில் செலவிடும் உழைப்பே ஆட்டத்தின் தரத்தை முடிவு செய்கிறது. விளையாட்டுகளின் பொறிமாற்றமும் அத்தகைய வேலையே.

தொடக்க காலத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. பொறிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டிருந்தமையால், ஒரே பெயரில் வெளிவந்த விளையாட்டுகள் உண்மையில் வெவ்வேறு விளையாட்டுகளாகவே அமைந்ததுண்டு. 1993ஆம் ஆண்டில் டிஸ்னியின் அலாதீன் திரைப்படத்தைத் தழுவி, சேகா நிறுவனத்தின் பொறிக்கென வேர்ஜின் நிறுவனம் ஒரு விளையாட்டை ஆக்கியது. நின்டென்டோவின் பொறிக்கென ஜப்பானியக் காப்கொம் நிறுவனம் மற்றொன்றை ஆக்கியது. முன்னதில் அலாதீன் வாளேந்திப் போரிட்டான். பின்னதில் வாளின்றிப் பகைவர் தலைமேல் தாவிக் குதித்தான். இவற்றுள் எது சிறந்தது என்று பிள்ளைகள் வாதிட்டனர். ஆனால் ஒன்று மற்றொன்றின் குறைபட்ட படி என்று எவரும் சொல்லவில்லை. இரண்டும் தத்தம் பொறிக்கென்றே பிறந்தவை.

காலப்போக்கில் விளையாட்டுகள் பெருத்தன. சிலர் சில மாதங்களில் முடித்த வேலைக்கு நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு செலவையும் ஒரு பொறியை வாங்கியோரிடமிருந்து மட்டும் மீட்பது அரிதாயிற்று. ஆகவே ஒரு விளையாட்டை ஒருமுறை ஆக்கிப் பல பொறிகளில் விற்பது வணிகத்தின் கட்டாயமாயிற்று. இதற்கு உதவப் பொதுவான அடித்தள மென்பொருள்களும் எழுந்தன. பிரித்தானியாவின் கிரைட்டீரியன் நிறுவனம் ஆக்கிய ரெண்டர்வெயர் அவற்றுள் ஒன்று. புகழ்பெற்ற கிரான்ட் தெஃப்ட் ஓட்டோ 3 அதன்மீது எழுந்ததே. பொறிகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டைத் தன்னுள்ளே மறைத்து, விளையாட்டை எழுதுவோருக்கு ஒரே முகத்தைக் காட்டுவது இத்தகைய மென்பொருளின் பணி. ஆயினும் மறைக்கப்பட்ட வேறுபாடு மறைந்த வேறுபாடு ஆகாது.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்டென்டோவின் கேம்கியூப் பொறியில் வெளிவந்த ரெசிடென்ட் ஈவில் 4 இதற்கொரு சான்று. சின்ஜி மிக்காமி என்பவர் இயக்கிய அவ்விளையாட்டு அந்தப் பொறியின் வலிமையை முற்றாக அளந்து ஆக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சோனியின் பிளேஸ்டேஷன் 2இல் அது வந்தபோது உருவங்களின் நுட்பமும் ஒளியமைப்பும் குறைக்கப்பட்டிருந்தன. கேம்கியூப் அந்தக் கணத்திலேயே வரைந்த கதைக்காட்சிகள், இங்கே முன்னரே பதிவு செய்த படங்களாகக் காட்டப்பட்டன. ஆனால் காப்கொம் நிறுவனம் இந்த இழப்புக்கு ஈடாகப் புதிய கிளைக்கதை ஒன்றைச் சேர்த்தது. குறைத்த இடமும் சேர்த்த இடமும் சிந்தித்துச் செய்யப்பட்டமையால், பிந்திய பதிப்பும் மதிக்கப்பட்டது.

இவ்விடயத்தில் மிகுந்த பாடம் புகட்டியது அதற்கடுத்த தலைமுறைப் பொறிகளின் போட்டியாகும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 நவம்பர் 2005இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 ஓராண்டு கழித்து, நவம்பர் 2006இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளிவந்தது. காலப்போக்கில் இவ்விரண்டும் தனித்தனியே எட்டுக் கோடிக்கு மேல் விற்பனையாயின. இரண்டின் விலைமதிப்பையும் வேகத்தையும் குறித்த விளம்பரங்கள் எழுப்பிய ஆரவாரம் பெரிது. எண்களால் மட்டும் அளந்தால் சோனியின் பொறியே வலியது என்று தோன்றியது. எனினும் முதற்சில ஆண்டுகளில், இரண்டிலும் வெளிவந்த விளையாட்டுகளுட் பல எக்ஸ்பொக்ஸ் 360இலேயே நன்றாக ஓடின. வலிய பொறியில் தளர்ந்த விளையாட்டு ஓடியமைக்குக் காரணம் யாது?

இரண்டு தச்சுப் பட்டறைகளை மனக்கண்முன் நிறுத்தினால் காரணம் விளங்கும். முதலாவது பட்டறையில் மூன்று தச்சர் உளர். மூவரும் ஒத்த திறமையுடையவர். எந்த வேலையையும் எவரிடமும் கொடுக்கலாம். இது எக்ஸ்பொக்ஸ் 360இன் மையச் செயலி. ஐ.பி.எம். நிறுவனம் ஆக்கிய அச்செயலி, 3.2 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஒரே மாதிரியான மூன்று கருக்களைக் கொண்டது. இரண்டாவது பட்டறையில் தலைமைத் தச்சர் ஒருவரும் அவருக்குக் கீழே மிக விரைந்து வேலை செய்யும் ஆறு உதவியாளரும் உளர். ஆனால் உதவியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மேசை மட்டுமே உண்டு. பண்டசாலைக்குள் கை நீட்டி மரத்தை எடுக்க அவரால் இயலாது. மரத்தை அளவாக அறுத்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இழைத்து முடித்ததைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். இது பிளேஸ்டேஷன் 3இன் செல் என்னும் செயலி. சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி அதை வடிவமைத்தன. அதில் ஒரு தலைமைக் கருவும் எட்டுத் துணைக் கருக்களும் அமைந்திருந்தன. உற்பத்தியின் இலகு கருதி எட்டில் ஒன்று செயலிழக்கச் செய்யப்பட்டது; மற்றொன்று பொறியின் சொந்த நிருவாகத்துக்கு ஒதுக்கப்பட்டது; எஞ்சிய ஆறே விளையாட்டுக்குக் கிடைத்தன. ஒவ்வொரு துணைக் கருவின் மேசையும் 256 கிலோபைட் அளவினது.

வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, முறையாக அடுக்கிக் கொடுத்தால் இரண்டாவது பட்டறை முதலாவதை வென்றுவிடும். பிரிக்காமற் கொடுத்தால் ஆறு உதவியாளரும் கைகட்டி நிற்க, தலைமைத் தச்சர் ஒருவரே வியர்வை சிந்த நேரும். எக்ஸ்பொக்ஸ் 360 ஓராண்டு முந்தி வந்தமையாலும், அதன் அமைப்பும் மைக்ரோசொப்ட் வழங்கிய எழுதுகருவிகளும் கணினி நிரலாளருக்கு ஏற்கெனவே பழகியவையாக இருந்தமையாலும், பல நிறுவனங்கள் விளையாட்டை முதலில் அதற்கே எழுதின. மூன்று தச்சருக்கென்று வகுத்த வேலைத்திட்டம் பின்னர் மற்றப் பட்டறைக்கு அனுப்பப்பட்டது. அங்கே தலைமைத் தச்சர்மேல் சுமை முழுவதும் விழுந்தது.

செயலியோடு சிக்கல் முடியவில்லை. பண்டசாலையிலும் வேறுபாடு இருந்தது. இரு பொறிகளுக்கும் மொத்த நினைவகம் 512 மெகாபைட்டே. ஆனால் எக்ஸ்பொக்ஸ் 360இல் அது ஒரே பண்டசாலை. பிளேஸ்டேஷன் 3இலோ நடுவே ஒரு சுவர்: ஒருபுறம் மையச் செயலிக்கு 256 மெகாபைட், மறுபுறம் படம் வரையும் சில்லுக்கு 256 மெகாபைட். ஒருபுறம் நிரம்பி வழியும்போது மறுபுறம் வெற்றிடம் இருந்தாலும், அதைப் பயன்படுத்துவது எளிதன்று. அதற்கு மேலாக, எக்ஸ்பொக்ஸ் 360இன் வரைகலைச் சில்லோடு 10 மெகாபைட் அளவுள்ள மிக விரைவான தனி நினைவகம் இணைக்கப்பட்டிருந்தது. புகை, நெருப்பு, புல், இலைத்தொகுதி போன்ற, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் ஒளிபுகு காட்சிகளை வரைய அது பேருதவி புரிந்தது.

இவற்றின் விளைவை எண்களாலேயே காட்டலாம். ஏப்ரல் 2008இல் வெளிவந்த கிரான்ட் தெஃப்ட் ஓட்டோ 4, எக்ஸ்பொக்ஸ் 360இல் அகலத்தில் 1280, உயரத்தில் 720 படப்புள்ளிகளாக வரையப்பட்டது. பிளேஸ்டேஷன் 3இல் 1152க்கு 640 ஆக வரையப்பட்டுப் பின்னர் திரைக்கேற்ப விரிக்கப்பட்டது. அதாவது ஒவ்வொரு நூறு புள்ளிக்கும் எண்பது புள்ளியே வரையப்பட்டது. அதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010இல் வந்தபோதும் இதே அளவுகளே காணப்பட்டன. புற்பூண்டுகளும் சோனியின் பொறியில் சற்று அருகின. எனினும் இவை சிறந்த உழைப்போடு செய்யப்பட்ட பொறிமாற்றங்கள். விளையாடுவோருட் பலர் வேறுபாட்டை உணராமலே மகிழ்ந்தனர்.

உழைப்பும் காலமும் போதாத இடத்தில் நேர்ந்தது வேறு. வால்வ் நிறுவனம் 2007இல் த ஒரேஞ்ச் பொக்ஸ் என்னும் தொகுதியைக் கணினிக்கும் எக்ஸ்பொக்ஸ் 360க்கும் தானே ஆக்கியது. பிளேஸ்டேஷன் 3க்கான வேலையை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் குழுவொன்று செய்தது. பிந்திவந்த அந்தப் பதிப்பு அசைவுத் தடுமாற்றத்தால் குறைகூறப்பட்டது. ஜப்பானிய பிளாட்டினம் கேம்ஸ் நிறுவனம் ஆக்கிய பேயோனெட்டாவின் கதையும் இதுவே. விநாடிக்கு 60 படம் என்னும் வேகமே அந்தச் சண்டை விளையாட்டின் உயிர்நாடி. எக்ஸ்பொக்ஸ் 360க்கு அதைத் தானே எழுதிய நிறுவனம், பிளேஸ்டேஷன் 3க்கான மாற்றத்தை வெளியீட்டாளரான சேகாவிடம் விட்டது. ஒக்டோபர் 2009இல் ஜப்பானில் இரண்டும் ஒன்றாக வெளிவந்தபோது, சோனியின் பொறியில் வேகம் பெரிதும் குன்றியது. பட்டியலைத் திறந்தால்கூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் அத்சுஷி இனாபா என்னும் அந்நிறுவனத் தலைவர்களுள் ஒருவர், அதுவே தங்கள் நிறுவனத்தின் பெருந்தோல்வி என்று வெளிப்படையாகக் கூறினார். அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2010இல் வெளிவந்த அவர்களது வான்குவிஷ், பிளேஸ்டேஷன் 3ஐ முதற்பொறியாகக் கொண்டு அவர்களாலேயே எழுதப்பட்டது. இரு பொறிகளிலும் நன்றாக ஓடியது.

படத்தின் கூர்மை குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அசைவு சிறிது தளர்வதையும் பொறுத்துக்கொள்ளலாம். நெடுநாள் உழைப்பு வீணாவதைப் பொறுத்தல் அரிது. நவம்பர் 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் என்னும் பெருங்கதை விளையாட்டு, விளையாடுபவர் உலகில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும் இயல்பினது. எடுத்த பொருள், விட்டுச்சென்ற பொருள், கொன்ற விலங்கு யாவும் கணக்கில் ஏறும். பல பத்து மணிநேரம் விளையாடியபின் அந்தக் கணக்கு பெருத்தது. சுவரால் பிரிந்த நினைவகத்தையுடைய பிளேஸ்டேஷன் 3இல், கணக்குப் பெருத்தபோது விளையாட்டு நத்தை வேகத்துக்கு வந்தது. மிகுந்த ஆர்வத்தோடு மிகுந்த நேரம் விளையாடியவரே மிகுதியாகத் தண்டிக்கப்பட்டார். திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. எனினும் அவ்விளையாட்டின் முதற் பின்னிணைப்பான டோன்கார்ட் எக்ஸ்பொக்ஸ் 360இல் ஜூன் 2012இல் வந்தது. பிளேஸ்டேஷன் 3க்கு வந்து சேர்ந்தது 2013 பெப்ரவரியிலேயே.

இவற்றை மட்டும் கேட்டவர் சோனியின் பொறியே குற்றவாளி என்று முடிவு கட்டலாம். அம்முடிவு பிழை என்பதை மறுபக்கச் சான்றுகள் காட்டுகின்றன. பைனல் பான்டசி 13 முதலில் பிளேஸ்டேஷன் 3க்கென்றே ஆக்கப்பட்டு, டிசம்பர் 2009இல் ஜப்பானில் வெளிவந்தது. மார்ச் 2010இல் மேல்நாடுகளில் வெளியிட்டபோது எக்ஸ்பொக்ஸ் 360க்கும் மாற்றப்பட்டது. இம்முறை இழப்பு மறுபுறம் விழுந்தது. சோனியின் பொறி 50 கிகாபைட் வரை கொள்ளும் புளூ-ரே வட்டைப் பயன்படுத்தியது. மைக்ரோசொப்டின் பொறியோ ஒன்பது கிகாபைட்டுக்கும் குறைவாகக் கொள்ளும் டிவிடி வட்டைப் பயன்படுத்தியது. ஒரு வட்டில் அடங்கிய விளையாட்டு மூன்று வட்டுகளாயிற்று. கதைக்காட்சிப் படங்கள் மேலும் நெருக்கிச் சுருக்கப்பட்டன. வரையப்பட்ட படமும் 1280க்கு 720 என்பதிலிருந்து 1024க்கு 576 ஆகக் குறைந்தது. முன்னைய விளையாட்டுகளில் வென்ற பொறியே இங்கே தோற்றது. பொறி மாறவில்லை; விளையாட்டின் பிறப்பிடம் மாறியது.

கடினமான பொறியை முதலில் எடுத்துக்கொண்டோர் இரு பொறிகளிலும் வென்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. கிரைட்டீரியன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட பர்னவுட் பரடைஸ் என்னும் கார்ப்பந்தய விளையாட்டு, பிளேஸ்டேஷன் 3ஐ முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டது. இரண்டிலும் அது விநாடிக்கு 60 படம் என்னும் வேகத்தை உறுதியாகப் பேணியது. சிறு மேசைகளுக்கேற்ப வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து அடுக்கினால், அந்த ஒழுங்கு பெரிய மேசையுடைய தச்சருக்கும் நன்மையே பயக்கும். பெரிய மேசையில் ஒழுங்கின்றிப் பரப்பிய வேலையோ சிறு மேசைக்கு வராது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்வது ஏற்றம். அரியதிலிருந்து எளியதற்கு வருவது இறக்கம்.

சோனியும் தன் பங்கை உணர்ந்தது. துணைக் கருக்களைப் பயன்படுத்தத் தன் சொந்தக் குழுக்கள் எழுதிய நிரற்றொகுதியை எட்ஜ் என்னும் பெயரில் 2007இல் மற்ற நிறுவனங்களுக்கும் வழங்கத் தொடங்கியது. அந்தப் பொறிக்கு மட்டுமே எழுதிய நோட்டி டோக் நிறுவனம், 2009இல் அன்சார்ட்டட் 2 மூலமும் 2013இல் த லாஸ்ட் ஒவ் அஸ் மூலமும் அதன் உண்மை வலிமையை உலகுக்குக் காட்டியது. 2009 டிசம்பரில் வந்த த சபோட்டர் என்னும் பொது விளையாட்டில், துணைக் கருக்களைக் கொண்டு உருவங்களின் ஓரங்களை மெருகேற்றியமையால், பிளேஸ்டேஷன் 3 பதிப்பே கூர்மையில் சிறந்தது. பட்டறை பழையது, தச்சரும் பழையவர், வேலை வகுக்கும் முறையே புதியது. சோனியின் பொறியைக் கடுமையாகச் சாடிவந்த வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், 2010இல் சோனியின் மேடையிலேயே தோன்றி, போர்ட்டல் 2 அப்பொறிக்கும் வருமென அறிவித்தார். 2011இல் வந்த அது குறையின்றி ஓடியது.

அடுத்த தலைமுறையில் சோனியும் மைக்ரோசொப்டும் இந்த அனுபவத்திலிருந்து கற்றன. நவம்பர் 2013இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வண் ஆகிய இரண்டும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஒரே வகைச் செயலியை, எட்டுக் கருக்களோடும் 8 கிகாபைட் நினைவகத்தோடும் கொண்டிருந்தன. வேறுபாடு வகையில் அன்று, அளவில் அமைந்தது. சோனியின் வரைகலைச் சில்லும் நினைவகமும் விரைவானவை. எனவே கோல் ஒவ் டியூட்டி கோஸ்ட்ஸ் என்னும் விளையாட்டு பிளேஸ்டேஷன் 4இல் 1920க்கு 1080 ஆகவும், எக்ஸ்பொக்ஸ் வண்ணில் 1280க்கு 720 ஆகவும் வரையப்பட்டது. முன்னதில் புள்ளிகள் இரண்டேகால் மடங்கு. ஆனால் விளையாட்டு அதுவே. திணறலோ திக்கலோ பொறிமாற்றத்தால் விளைவது அருகிற்று.

அப்பொழுது புதியதொரு வினா எழுந்தது. வலிய பொறியை வலிமை குறைந்த பொறியின் அளவுக்கு வேண்டுமென்றே தாழ்த்துகின்றனரா? 2014இல் வெளிவந்த அசசின்ஸ் கிரீட் யூனிட்டி இரு பொறிகளிலும் ஒரே அளவான 900 வரிப் படமாக அமையும் என்று அறிவித்தபோது, வீண் விவாதங்களைத் தவிர்க்கவே இவ்வாறு சமப்படுத்தினர் என்று பொருள்படும்படி அதன் தயாரிப்பாளர் ஒருவர் பேசினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. தாழ்த்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. விளையாட்டு வெளிவந்தபின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. ஆயிரக்கணக்கான மக்கள் நடமாடும் பரிஸ் நகர வீதிகளில் சுமை வரைகலைச் சில்லின்மேல் அன்றி மையச் செயலியின்மேல் விழுந்தது. எக்ஸ்பொக்ஸ் வண்ணின் செயலி 1.75 கிகாஹேர்ட்ஸ், பிளேஸ்டேஷன் 4இன் செயலி 1.6 கிகாஹேர்ட்ஸ். ஆகவே வலிமை குறைந்தது எனக் கருதப்பட்ட பொறியே அவ்விடங்களில் சற்று முந்தி நின்றது. வலிமை என்பது ஒற்றை எண்ணன்று. எந்த வேலைக்கு எந்த வலிமை வேண்டும் என்பதே கேள்வி.

நவம்பர் 2020இல் வந்த பொறிகளும் இதையே மெய்ப்பித்தன. மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் விநாடிக்கு ஏறத்தாழ 12 இலட்சம் கோடி கணிப்புகளும், சோனியின் பிளேஸ்டேஷன் 5 பத்து இலட்சம் கோடிக்குச் சற்று மேற்பட்ட கணிப்புகளும் செய்ய வல்லவை என்று கூறப்பட்டது. எனினும் அசசின்ஸ் கிரீட் வல்ஹலா வெளியான வேளையில், 60 பட வேகத்தை உறுதியாகப் பேணியது பிளேஸ்டேஷன் 5 பதிப்பே. பின்னர் வந்த திருத்தங்கள் இடைவெளியைச் சுருக்கின.

இப்பொழுது சிக்கல் எதிரிப் பொறிகளுக்கிடையே இருப்பதைவிட, புதிய பொறிக்கும் பழைய பொறிக்கும் இடையேயும், ஒரே குடும்பத்தின் பெரிய பொறிக்கும் சிறிய பொறிக்கும் இடையேயும் மிகுந்திருக்கிறது. டிசம்பர் 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 கணினியில் பொலிவோடு விளங்கியது. 2013ஆம் ஆண்டுப் பொறிகளிலோ சீர்கெட்டு நின்றது. வெளியான சில நாள்களிலேயே சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பியளித்தது. ஜூன் 2021இலேயே அது கடைக்குத் திரும்பியது. முதலில் கணினியில் சிறப்பாகத் தோன்றச் செய்து, பின்னர் பழைய பொறிகளுக்கேற்ப இறக்க எண்ணியதும், அவ்வேலையின் கடினத்தைக் குறைத்து மதித்ததும் தவறு என்று ஆக்கிய நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான மார்ச்சின் இவின்ஸ்கி 2021 தொடக்கத்தில் விளக்கினார். 2023இல் வந்த அதன் பின்னிணைப்பு பழைய பொறிகளுக்கு வெளியிடப்படவேயில்லை.

அதே 2023இல் பால்டர்ஸ் கேட் 3 மற்றொரு பாடத்தைத் தந்தது. அவ்விளையாட்டு செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது. எக்ஸ்பொக்ஸ் குடும்பத்துக்கு வர டிசம்பர் ஆயிற்று. 16 கிகாபைட் நினைவகமுள்ள சீரீஸ் எக்ஸில் இயலும் அனைத்தும் 10 கிகாபைட் மட்டுமுள்ள மலிவான சீரீஸ் எஸ் பொறியிலும் இயலவேண்டும் என்பது மைக்ரோசொப்டின் விதி. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து விளையாடும் வசதி சிறிய பொறியில் அடங்கவில்லை. இறுதியில் அந்த வசதியின்றியே சீரீஸ் எஸ் பதிப்பை வெளியிட மைக்ரோசொப்ட் இசைந்தது. ஆயினும் லரியன் நிறுவனம் நினைவகச் செலவைத் தொடர்ந்து குறைத்துவந்து, 2025இல் அவ்வசதியைச் சிறிய பொறிக்கும் அளித்தது. இயலாது என்று கருதப்பட்டது இரண்டாண்டு உழைப்பால் இயன்றது. மலிவான பொறியை வாங்கியோருக்கு அந்த நீதி கிடைத்தது, காலந்தாழ்ந்து கிடைத்தது.

இவற்றால் பொதுப்பொறி ஆக்கமே தீமை என்று கொள்ளல் தகாது. பல பொறிகளில் விற்பனையாகும் வாய்ப்பு இல்லாவிடில், பல விளையாட்டுகள் இவ்வளவு பெரிய அளவில் பிறந்தேயிரா. எந்தப் பொறியை வாங்கியவருக்கும் அவை கிட்டியிரா. ஒரு பொறிக்கு மட்டும் எழுதப்படும் விளையாட்டு பொலிவில் முந்தலாம்; ஆனால் மற்றப் பொறியுடையோருக்கு அது எட்டாக் கனியாகும். எனினும் பொதுமைக்கு ஒரு விலை உண்டு. மிகக் குறைந்த நினைவகமும் மிக மெல்லிய செயலியும் விளையாட்டின் கற்பனைக்கே எல்லை வகுக்கக்கூடும். படப்புள்ளியைக் குறைப்பது எளிது. நடமாடும் மக்கள்தொகையையோ, உலகின் பரப்பையோ, இருவர் கூடி விளையாடும் வசதியையோ ஒரு பொறிக்கு மட்டும் குறைத்தால் அது வேறு விளையாட்டாகிவிடும். ஆதலின் வரையும் திறனிலுள்ள குறையைவிட, நினைவகத்திலும் மையச் செயலியிலும் உள்ள குறையே ஆக்குவோரை வருத்துகிறது.

வாங்குவோருக்கு இவற்றிலிருந்து பெறத்தக்க அறிவு யாது? பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களும் விளம்பரத்தின் ஆரவாரமும் போதா. ஒரு விளையாட்டு எந்தப் பொறியை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டது. மற்றப் பொறிக்கு அதை மாற்றியவர் ஆக்கியோரா, வேறு குழுவினரா. அவர்களுக்கு எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது என்னும் மூன்று கேள்விகளே தரத்தை முன்னறிய உதவுவன. 2000களின் பிற்பகுதி தொடங்கி, பிரித்தானியாவின் டிஜிட்டல் பவுண்டரி போன்ற திறனாய்வுக் குழுவினர், ஒரே விளையாட்டின் பல பதிப்புகளைப் படம் படமாக எண்ணி அளந்து வெளியிட்டு வருகின்றனர். முன்னர் உணர்வாக மட்டுமிருந்த மனக்குறை, இவர்களின் அளவையால் மறுக்கவியலாத சான்றாயிற்று. அந்தச் சான்றுக்கு அஞ்சியே பல நிறுவனங்கள் தம் பொறிமாற்ற வேலையைச் செவ்வனே செய்யத் தலைப்பட்டன எனலாம்.

பொறிகளின் போட்டி இன்னும் தொடரும். எண்கள் இன்னும் பெருகும். ஆனால் ஒரே விலை கொடுத்து வாங்கிய இருவருள் ஒருவருக்குச் செம்மையான ஆட்டமும் மற்றவருக்குச் சிதைந்த ஆட்டமும் கிடைப்பதற்குப் பொறியின் வலிமைக் குறைவே காரணம் என்று சொல்லித் தப்ப இயலாது. அரிய பொறியென்று பழிக்கப்பட்ட ஒன்றே, அதனை உணர்ந்து உழைத்தவர் கையில் அற்புதங்கள் புரிந்தது. பட்டறைக்கேற்ப வேலையை வகுக்கும் பொறுமையும், அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கும் மனமும் எங்கே உண்டோ, அங்கே இரு பொறிகளிலும் ஆட்டம் சிறக்கும்.